ஆலைத் தொழிலாளரின் ஓய்வுநாளை வென்ற சிதம்பரனார்

பழைய பஞ்சாலையொன்றின் மரபு அதன் கட்டடங்களோடு முடிந்துவிடுவதில்லை. அங்கு உழைத்தோர் வென்றெடுத்த உரிமைகளும் அம்மரபின் பகுதியே. இதற்கு வ.உ. சிதம்பரனாரின் வாழ்வு சான்றாகும்.

1872இல் ஒட்டப்பிடாரம் கிராமத்தில் பிறந்து வழக்கறிஞரான அவர், தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட 1906இல் சுதேசிக் கம்பனியை நிறுவினார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி அதற்குத் துணைநின்றார்.

1908 பெப்ரவரியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வார ஓய்வின்றிக் குறைந்த கூலிக்கு உழைத்த அவர்களுக்குச் சிதம்பரனார் தலைமை தாங்கினார். மார்ச் தொடக்கத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அம்மாதமே அவர் கைதானார், சிறையில் செக்கிழுத்தார். கப்பல் கம்பனியும் நிலைகுலைந்தது. 1912இல் விடுதலையான அவர் 1936இல் வறுமையிலே மறைந்தார்.

எமது தீவகத்தில் கடையிலும் படகிலும் கூலிக்கு உழைப்போரின் ஓய்வுநாளை மதிப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.