மின்னலைப் படைத்த மேதை

மழைக்காலத்து மின்கம்பியின்மீது மின்னல் பாயுமாயின், இமைப்பொழுதில் மின்னழுத்தம் பன்மடங்கு உயரும். பீங்கான் காப்புகள் வெடித்துச் சிதறும். ஊரே இருளில் ஆழும். இத்தீங்கினைத் தம் ஆய்வுக்கூடத்திற்கே வரவழைத்து ஆராய்ந்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்னும் பேரறிஞர்.

இவர் 1865ஆம் ஆண்டில் பிரெஸ்லா நகரில் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் பிரஷ்ய நாட்டினதாக இருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. பிறவியிலேயே முதுகு கூனியவர், குள்ள உருவினர். கணிதமோ அவர்க்குக் கைவந்த கலை. மாணவப் பருவத்திலேயே சமதர்மக் கொள்கையில் ஈடுபட்டு, அரசினரின் சினத்துக்கு ஆளானார்; 1888இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். கையிற் பொருளில்லை, ஆங்கிலமும் நன்கு வாராது. கூனிய உடலைக் கண்ட அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். உடன்வந்த நண்பர் பரிந்து பேசியமையாலேயே அவர் கரையேறினார். உருவத்தைக் கண்டு எள்ளிய அவ்வதிகாரிகள், தாம் இழக்கவிருந்த செல்வம் எத்துணைப் பெரிது என்பதை அறியார்!

இரும்பில் காந்தம் ஏறி இறங்குவதால் வீணாகும் ஆற்றலைக் கணிக்கும் விதியை அவர் 1892இல் வெளியிட்டார். மாறுமின்னோட்டக் கணக்குகளையும் எளிமையாக்கினார். ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனி அவரை ஏற்றுக்கொண்டது. ஸ்கெனெக்டடி நகரில் குடியேறினார்.

1920ஆம் ஆண்டில் மோஹாக் ஆற்றின் அருகே இருந்த அவருடைய குடிலில் இடி விழுந்தது. நிலைக்கண்ணாடி ஒன்று நொறுங்கிப் போயிற்று. பிறராயின் சில்லுகளைப் பெருக்கி எறிந்திருப்பர். அவரோ அவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, மின்னல் சென்ற தடத்தை ஆராய்ந்தார்.

இயற்கை மின்னல் எங்கு விழும், என்று விழும் என யாரே அறிவர்? அதற்காகக் காத்திராது, தாமே மின்னலைப் படைக்க முனைந்தார். கண்ணாடித் தகடுகளாலான மின்தேக்கிகளில் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்து, ஒரே கணத்தில் வெளிப்படச் செய்தார். 1922இல் 1,00,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தமுடைய அச்செயற்கை மின்னல் இடிமுழக்கத்தோடு பாய்ந்து மரக்கட்டையைப் பிளந்தது. சிற்றூர் போன்று அமைத்த மாதிரியொன்றும் அதற்கு இலக்காயிற்று. மின்கம்பிகளைக் காக்கும் இடிதாங்கிக் கருவிகள் எத்துணை அதிர்ச்சியைத் தாங்கும் என்பதை இவ்வாறு ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தறிய வழி பிறந்தது. அவ்வாண்டே எடிசன் அங்கு வந்தபொழுது, மின்னலால் உடைந்த பீங்கான் காப்புகளை அவர்க்குக் காட்டி மகிழ்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1923 அக்டோபர் 26ஆம் நாள் காலையில், தம் 58ஆம் வயதில் ஸ்டைன்மெட்ஸ் தம் இல்லத்தில் உயிர்நீத்தார்.