சீட்டு நாடும் செந்நாக் கவிஞரும்

காலையில் எழுந்ததும் டாரட் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, அதிலுள்ள சித்திரத்தைப் பார்த்து, இன்று என் மனம் எதை நாடுகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் இன்று மாணவரிடையேயும் காணப்படுகிறது. 78 சீட்டுகள் கொண்ட அக்கட்டு, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்கென்றே பிறந்தது. அதைக் கொண்டு குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஓங்கிற்று. சிலர் இதை எள்ளி நகையாடுகிறார்கள். சிலர் வேதவாக்காகவே கொள்கிறார்கள். இரு சாராரும் இக்கல்கத்தா மாநகர் ஈன்ற இரவீந்திரநாத் தாகூரின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

1861 மே 7ஆம் நாள் ஜோராசாங்கோ மாளிகையில் அவர் பிறந்தார். அங்கே பெரியவர்கள் பிளாஞ்செட் வைத்து இறந்தோரோடு பேச முயன்றதுண்டு. அது பென்சில் பொருத்திய ஒரு சிறு பலகை. கையை மேலே வைத்தால் நகர்ந்து எழுதும் என்பார்கள். ஒரு நாள் அது கைலாஷ் முகர்ஜி என்ற, வேடிக்கைப் பேச்சில் வல்லவரின் பெயரை எழுதிற்று. மறுவுலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம். தாம் செத்துக் கற்றதைச் சாகாமலே கற்கப் பார்க்கிறார்களே என்று சொல்லி அவர் மறுத்துவிட்டாராம்! இதைக் கவிஞர் தம் நினைவுக் குறிப்புகளில் சுவைபட எழுதியிருக்கிறார்.

ஆனால், காலம் அந்த வீட்டுச் சிரிப்பை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1884இல் அன்புக்குரிய அண்ணி காதம்பரி தேவி மறைந்தார். 1902இல் மனைவி மிருணாளினி போனார். அடுத்த ஆண்டே மகள் ரேணுகா. 1907இல் இளைய மகன் சமீந்திரனை, பதினோரு வயது நிறையுமுன்பே, காலரா கொண்டுபோயிற்று. 1918இல் மூத்த மகள் மாதுரிலதாவும் மறைந்தாள். உலகம் நோபல் பரிசு பெற்ற கவிஞரைக் கண்டது. அவருக்குள் இருந்த தந்தையைக் கண்டவர் எத்தனை பேர்?

1929ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தெட்டு வயதில், அவர் மீண்டும் அந்த முயற்சியில் அமர்ந்தார். மறைந்த நண்பர் மோகித்சந்திர சேனின் மகள் உமா தேவி பென்சிலைப் பிடித்திருப்பார், கவிஞர் கேட்பார், பென்சில் எழுதும். அமிய சக்கரவர்த்தி முதலியோர் குறித்துவைத்த கேள்விகளும் விடைகளும் இன்றும் கிடைக்கின்றன. மனைவியும் பிள்ளைகளும் பழைய நண்பர்களும் அப்பெயர்களில் அடக்கம்.

விடைகள் எங்கிருந்து வந்தனவோ, அதை அவரவர் அறிவுக்கு விடுவோம். கேள்விகள் யாருடையவை என்பதில் ஐயமில்லை. ஒருவன் யாரை அழைக்கிறான், எதைக் கேட்கிறான் என்பதிலே அவன் நெஞ்சம் திறந்து கிடக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு மனம்விட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை எள்ள நமக்கு என்ன உரிமை?

ஆயினும் கவிஞர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. ஆவிகளின் பெயரால் கழகம் காணவும் இல்லை. 1930இல் பாரிசில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் மனிதனின் சமயத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1933இல் ‘தாஷேர் தேஷ்’, அதாவது சீட்டு நாடு, என்னும் நாடகத்தைத் தந்தார். அந்நாட்டு மக்கள் யாவரும் சீட்டுகள். விதித்தபடி நிற்பார்கள், விதித்தபடி நடப்பார்கள். கரையொதுங்கிய இளவரசன் ஒருவனால் அவர்களுக்குள் விருப்பம் என்னும் உணர்வு விழித்தது; சீட்டுகள் மனிதராயின! பின்னர் வந்த பதிப்பை அவர் சுபாஷ் சந்திர போஸுக்குக் காணிக்கையாக்கினார்.

1941 ஆகஸ்டு 7ஆம் நாள், பிறந்த மாளிகையிலேயே கவிஞர் கண்மூடினார். அந்த மாளிகை நமக்குத் தொலைவில் இல்லை. ஒரு மாலை சென்று வாருங்கள்.

தோழர்களே! சீட்டைப் புரட்டுவோர் புரட்டட்டும். சித்திரத்தைப் பார்த்து மனத்தைக் கேட்கட்டும். ஆனால் படிப்பையும் நட்பையும் வாழ்வையும் முடிவுசெய்யும் வேலையை அதனிடம் ஒப்படைத்தால், நாமும் சீட்டு நாட்டுக் குடிகளாகிவிடுவோம். கேட்பதற்குச் சீட்டு உதவலாம். விடை சொல்ல வேண்டியவர் நாமே.