ஆட்டத்தை அழியாமல் காத்தவர்

களமருதூரில் தெருக்கூத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஆட்டம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். ஊரே கண்கொட்டாமல் பார்க்கிறது.

பொழுது விடிகிறது. வேஷத்தைக் கலைக்கிறார்கள். அவ்வளவுதான், ஆட்டம் போய்விட்டது. பார்த்தவர்களின் மனத்தில் மட்டுமே அது இருக்கும். அவர்களும் போய்விட்டால்?

பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். சிலையைக் கல்லில் செதுக்கி வைக்கலாம். ஆட்டத்தை எதில் வைப்பது?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் விடை தேடினார் ஒருவர். அவர்தான் நடன மேதை உதயசங்கர்.

ஓவியம் படிக்கப் போனவர்

உதயசங்கர் வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1900-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ராஜஸ்தானத்தில் உள்ள உதயபூரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள்.

சிறு வயதில் அவருக்கு ஓவியத்தில்தான் ஆசை. பம்பாயில் படித்தார். பிறகு 1920-ல் கப்பலேறி, லண்டனில் உள்ள அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது ரஷ்ய நாட்டு நடன ராணி அன்னா பாவ்லோவாவின் புகழ் உலகமெங்கும் பரவியிருந்தது. இந்தியக் கதைகளை வைத்து ஆட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். உதயசங்கரின் திறமையைக் கண்டு, அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

1923-ல் மேடை ஏறியது அந்த நடனம். பாவ்லோவா ராதை, உதயசங்கர் கண்ணன்!

இதில் ஓர் அதிசயம் உண்டு. உதயசங்கர் அதுவரை எந்தக் குருவிடமும் முறைப்படி நாட்டியம் கற்றவர் அல்ல. சிலைகளிலும் சித்திரங்களிலும் கண்ட நிலைகளுக்குத் தம் உடம்பால் உயிர் கொடுத்தார்.

உலகம் சுற்றிய குழு

பிறகு தாயகம் திரும்பினார். ஊர் ஊராகச் சென்று கோயில் சிற்பங்களையும் நாட்டியங்களையும் பார்த்தார். சொந்தத்தில் ஒரு குழுவைச் சேர்த்தார். 1931-ல் பாரிஸ் நகரில் அந்தக் குழு ஆடியது. அந்தக் குழுவில் அவருடைய கடைசித் தம்பியும் இருந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் சிதார் மேதை ரவிசங்கர் ஆனான்.

அதே ஆண்டு, பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்குத் தந்தையோடு ஒரு வங்காளச் சிறுமி வந்திருந்தாள். பெயர் அமலா. அவளும் குழுவில் சேர்ந்து ஆடக் கற்றாள். 1942-ல் உதயசங்கரின் மனைவியானாள்.

இமயமலையில் கலைக்கூடம்

தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பிக்க உதயசங்கர் விரும்பினார். இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் ஒரு கலைக்கூடம் தொடங்கினார்.

பரதநாட்டியம் கற்பிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கந்தப்ப பிள்ளை போனார். பாலசரஸ்வதியின் குரு அவர்தான். கதகளிக்குக் கேரளத்துச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரி ஆட்டத்துக்கு அமோபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பிற்காலத்தில் இந்திப் பட உலகில் பெயர் பெற்ற குருதத் அங்கே மாணவராக இருந்தவர்.

ஆனால் உலக யுத்தம் வந்தது. பணமுடை ஏற்பட்டது. சில ஆண்டுகளிலேயே கலைக்கூடத்தை மூட வேண்டியதாயிற்று.

ஜெமினிக்கு வந்தார்

கலைக்கூடம் போயிற்று. ஆட்டமும் அதோடு போய்விட வேண்டுமா? சினிமாப் படமாக எடுத்து வைத்தால் நிற்கும் அல்லவா?

சென்னைக்கு வந்தார். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்ற இந்திப் படத்தைத் தொடங்கினார். சென்னையில் அண்ணா மேம்பாலத்தை ஜெமினி மேம்பாலம் என்று மக்கள் சொல்வது இந்த ஸ்டுடியோவின் பெயரால்தான்.

கதை, டைரக்ஷன், கதாநாயகன் எல்லாம் உதயசங்கரே. அமலா கதாநாயகி. ஒளிப்பதிவு கே.ராம்நாத். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணும் ஆடினாள். 'தில்லானா மோகனாம்பாள்' புகழ் பத்மினியின் முதல் படம் இதுதான்!

இமயமலையில் கலைக்கூடம் அமைக்கக் கனவு காணும் இளைஞனின் கதை அது. அதாவது, உதயசங்கரின் சொந்தக் கதை. படத்தில் பெரும்பகுதி நடனமே.

கைவிட்ட வெற்றி

ஆண்டுக்கணக்கில் உழைத்து எடுத்த படம் 1948-ல் வெளிவந்தது. அறிந்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கொட்டகைகளில் கூட்டம் சேரவில்லை. படம் தோல்வி அடைந்தது.

அதே ஆண்டு, அதே ஜெமினியில் உருவான 'சந்திரலேகா' வந்தது. அதன் முரசு நடனத்தை நாடே கொண்டாடியது. 'கல்பனா'வை மறந்துவிட்டார்கள்.

உதயசங்கர் அதன்பின் வேறு படம் எடுக்கவில்லை. மேடைக்கே திரும்பினார். கல்கத்தாவில் வாழ்ந்தார். 1971-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1977 செப்டம்பர் 26-ந் தேதி காலமானார். தாம் எடுத்த ஒரே படம் மறுபடி ஒளி பெறும் என்பதை அவர் கண்ணால் காணவில்லை.

64 ஆண்டுகளுக்குப் பிறகு

பிலிம் சுருள் கல் அல்ல. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். கீறல் விழும், சுருங்கும், படம் மங்கும். 'கல்பனா'வுக்கும் அந்த ஆபத்து இருந்தது.

நல்லவேளையாக, பூனாவில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் அதன் சுருள்கள் இருந்தன. அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய உலக சினிமா நிறுவனம் அதைச் செப்பனிட முன்வந்தது. இத்தாலியில் உள்ள பொலோனா நகரில் வேலை நடந்தது.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 'கல்பனா' இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான படங்கள்! அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல் போக்கி, கறை துடைத்து, ஒலியைத் தெளிவாக்கினார்கள்.

2012-ம் ஆண்டு மே மாதம், பிரான்சில் கான் திரைப்பட விழாவில் 'கல்பனா' மறுபடி திரையில் ஓடியது. பார்க்க அமலா வந்திருந்தார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். கணவர் மறைந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விளக்கு அணைந்தது. திரையில் வாலிப உதயசங்கர் ஆடினார். பக்கத்திலே இளம் அமலா ஆடினார்.

சென்னையில் ஆடிய ஆட்டம் அழியவில்லை. பூட்டி வைத்த சுருளைப் பத்திரமாகக் காத்தவர்கள் இருந்ததால் பிழைத்தது.

இன்று தெருக்கூத்தைச் செல்போனிலேயே படம் பிடித்துவிடலாம். ஆனால் போன் பழுதானால் படமும் போய்விடும். ஊர்க் கூத்தைப் படம் பிடிப்பவர்கள், இன்னொரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைப்பது நல்லது. பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டும் அல்லவா?