வண்டி நின்ற பிறகும்...



நம் கல்லூரி வண்டி ஸ்டாண்டில் ஒரு நாள் நின்று கவனியுங்கள். பெட்ரோல் டேங்கிலோ, மட்கார்டிலோ, ஹெல்மெட்டிலோ அந்தத் தொப்பி வைத்த தாடிக்காரர் முகம் நாலு வண்டியிலாவது இருக்கும். யாருடா இவர் என்று கேட்டால் பாதிப் பேர் புரட்சிக்காரர் என்பார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே கிக்கரை உதைத்துக் கிளம்பிவிடுவார்கள்.

அவர்தான் எர்னெஸ்டோ குவேரா. உலகம் சே என்று அழைக்கும் மனிதர். அவருடைய புரட்சி வரலாறு முழுவதையும் எழுத எனக்கு வயசும் போதாது, இந்த மலரில் பக்கமும் போதாது. நான் ஆட்டோமொபைல் படிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கத்திலிருந்து, அவர் வாழ்க்கையைச் சொல்லப்போகிறேன். 23 வயதில் அவர் ஒரு பயணத் திட்டம் போட்டார். அது கெட்டுப்போனது. கெட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூச்சுத் திணறிய பையன்

1928-ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இரண்டு வயதிலேயே ஆஸ்துமா. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று, குடும்பமே கோர்டோபா மாநிலத்தில் ஆல்டா கிராசியா என்ற மலையடிவார ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்படிப்பட்ட பையன் போய்ச் சேர்ந்த விளையாட்டு எது தெரியுமா? ரக்பி! இடித்துத் தள்ளி ஓடுகிற ஆட்டம். மூச்சு முட்டினால் மைதானத்தின் ஓரத்துக்கு வந்து மருந்தை உறிஞ்சிவிட்டு மறுபடியும் இறங்குவார். அவருக்கு ரக்பி கற்றுக்கொடுத்தவர் ஆல்பர்டோ கிரனாடோ. வகுப்புத் தோழனின் அண்ணன், ஆறு வயது மூத்தவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

சிவில் நண்பர்கள் காது கொடுக்கவும். பள்ளி முடித்ததும் சே முதலில் பார்த்த வேலை, மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பொருள்களைச் சோதிப்பது! பொறியியல் படிப்பதாகத்தான் எண்ணம். 1947-ல் மனசு மாறி, புவனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் சேர்ந்தார். நமக்கு வர வேண்டியவர் கைநழுவிப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரையல் ரன்

எந்த வண்டியையும் டெலிவரி கொடுக்கும் முன் ஓட்டிப் பார்ப்போம் இல்லையா? சேவும் தன்னையே ஓட்டிப் பார்த்தார். 1950 ஜனவரியில் ஒரு சைக்கிளில் சின்ன மோட்டாரை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பி, அர்ஜென்டினாவின் வட மாநிலங்களில் சுமார் 4,500 கிலோமீட்டர் சுற்றினார். வழியில் தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆல்பர்டோவையும் பார்த்தார். திரும்பி வந்து சர்வீசுக்கு விட்டபோது, மோட்டாரை விற்ற கம்பெனிக்காரர்களே அசந்துபோய் அவர் படத்தைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள்.

திட்டம் உருவானது

1951 அக்டோபர். கோர்டோபாவில் ஆல்பர்டோ வீட்டில் திராட்சைக் கொடிப் பந்தல். இரண்டு பேரும் மாத்தே என்னும் இலைத் தேநீரைக் குடித்தபடி அரட்டை. பேச்சு எங்கெங்கோ போய், வட அமெரிக்கா வரை மோட்டார் சைக்கிளில் போனால் என்ன என்பதில் வந்து நின்றது. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. இதுவரை நம்ம பசங்க டீக்கடையில் போடும் திட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அடுத்த நாளிலிருந்து ஆரம்பம்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வண்டியைத் தயார் செய்வதும், வழியைப் படித்து ரூட் போடுவதும் ஆல்பர்டோ பொறுப்பு. விசா, சான்றிதழ், முத்திரை என்று அலுவலகம் அலுவலகமாக அலைச்சல் தனி. சேவின் முக்கியப் பொறுப்பு என்ன? கிளம்பும் முன் எத்தனை பரீட்சை எழுத முடியுமோ அத்தனையையும் எழுதி முடிப்பது! ஆமாம் நண்பர்களே, உலகம் சுற்றக் கிளம்பியவரின் தயாரிப்புப் பட்டியலில் பரீட்சையும் இருந்தது. படிப்பை முடிக்கத் திரும்பி வருவேன் என்று அம்மாவுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். வெளியில் கேட்பவர்களிடம் சிலி வரை போகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். பாதியில் திரும்பினால் மானம் போகக்கூடாது பாருங்கள்!

அந்த வண்டி

ஆல்பர்டோவின் வண்டி இங்கிலாந்தில் செய்த நார்ட்டன், 1939 மாடல். கிளம்பும்போதே அதற்கு வயசு பன்னிரண்டு. நம் ஊர் பழைய புல்லட் மாதிரியே ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். போர் 79 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர். ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், 490 சி.சி. வரும். பெயர் லா போதரோசா இரண்டு. போதரோசா என்றால் வலிமை மிக்கவள். முதலாம் போதரோசா ஆல்பர்டோவின் பழைய சைக்கிள்!

இரண்டு ஆள், கூடாரம், படுக்கை, இறைச்சி வாட்டும் கம்பி அடுப்பு என்று பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். போதாததற்கு மிராமார் என்ற கடற்கரை ஊரில் இருந்த காதலி சிச்சீனாவுக்குக் கொடுக்க ஒரு நாய்க்குட்டி வேறு. இங்கேதான் நான் ஒரு மெக்கானிக்காகத் தலையில் கை வைக்கிறேன். பாரம் முழுவதும் பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்கினால் சென்டர் ஆஃப் கிராவிட்டி பின்னால் போய்விடும். முன் சக்கரம் தரையைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கைவேலைக்குப் போகும் ஒர்க்‌ஷாப்புக்கு, அரிசி மூட்டையைப் பின்னால் கட்டி மண் ரோட்டில் விழுந்த வண்டி மாதம் ஒன்றாவது வரும். போதரோசாவுக்கும் அதே கதி. கொஞ்சம் கவனம் தவறினாலும் ஆளைக் கீழே தள்ளியது.

1952 ஜனவரி 4. புவனோஸ் அயர்ஸிலிருந்து புறப்பட்டார்கள்.

கெட்டுப்போன திட்டம்

மிராமாரில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். சிச்சீனாவை விட்டுப் பிரிய மனசில்லாமல் எட்டு நாள் ஆனது. அமெரிக்காவிலிருந்து ஏதாவது வாங்கி வரச் சொல்லி அவள் 15 டாலர் கொடுத்தாள். வழியில் மணலில் சறுக்கி விழுந்தார்கள். சே காய்ச்சலில் படுத்தார். ஆண்டிஸ் மலையடிவாரத்தில் பரிலோச்சே நகரில் தபால் காத்திருந்தது. சிச்சீனா எழுதியது. காதல் முடிந்தது.

பிப்ரவரி நடுவில் ஏரிகள் வழியாகச் சிலிக்குள் நுழைந்தார்கள். வண்டியில் கழன்ற இடத்தையெல்லாம் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டுவதுதான் சேவின் வைத்தியம். போல்ட்டை விடக் கம்பியையே அவர் அதிகம் நம்பினார்! லவுதாரோ என்ற ஊருக்கு முன்னால் விழுந்ததில் கியர் பாக்ஸ் உடைந்தது. அந்த ஊரில் ஒட்டவைத்துக் கிளம்பினால், இறக்கத்தில் பிரேக் போனது. எதிரே மாட்டுக் கூட்டம்! எப்படியோ ஓரத்து மேட்டில் ஏற்றித் தப்பினார்கள். அதற்குப் பிறகு மேட்டில் இழுக்க முடியாமல் வண்டி படுத்துவிட்டது. லாரியில் ஏற்றிச் சாண்டியாகோ கொண்டுபோய், ஒரு கராஜில் விட்டுவிட்டு நடந்தார்கள்.

கணக்குப் பாருங்கள். பயணம் ஏழு மாதம். மோட்டார் சைக்கிள் ஓடியது இரண்டு மாதம்கூட இல்லை!

சிலி வரை போகிறோம் என்று ஊரில் சொன்னது உண்மையாகிவிட்டது. திரும்பியிருந்தால் யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை.

நடந்தபோது கண்டது

வால்பராய்சோ துறைமுகத்தில் ஈஸ்டர் தீவுக்குக் கப்பல் கேட்டார்கள். ஆறு மாதத்துக்குக் கிடையாது என்றார்கள். வேறொரு கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஏறி ஒளிந்தார்கள். பிடிபட்டதும் சேவுக்குக் கக்கூஸ் கழுவும் வேலை. வடக்கே பாலைவனத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தார்கள். கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறைக்குப் போய், வேலை தேடி அலைந்த மனிதர். குளிரில் நடுங்கிய அந்த இருவருக்கும் தங்கள் போர்வை ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கம். அமெரிக்கக் கம்பெனி அள்ளிக்கொண்டிருந்த செல்வத்தையும், அதைத் தோண்டியவர்களின் வறுமையையும் ஒரே இடத்தில் பார்த்தார்.

பெரு நாட்டில் லாரிகளின் பின்புறம் பழங்குடி மக்களோடு உட்கார்ந்து பயணம். மச்சு பிச்சு பார்த்தார்கள். லிமா நகரில் தொழுநோய் நிபுணர் டாக்டர் ஊகோ பெஷே ஆதரவு தந்தார். அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோய் இல்லத்தில் இரண்டு வாரம் வேலை செய்தார்கள். அங்கே நோயாளிகளோடு கைகுலுக்கினார்கள், பந்து விளையாடினார்கள். தன் 24-ஆவது பிறந்த நாளை சே கொண்டாடியதும் அங்கேதான். ஆஸ்துமாக்காரர் அமேசானையே நீந்திக் கடந்தார்! விடைபெறும்போது கட்டிக்கொடுத்த மாம்போ-டாங்கோ என்ற கட்டுமரத்தில் ஆற்றோடு போனார்கள்.

நார்ட்டன் நன்றாக ஓடியிருந்தால் இதில் எத்தனை பேரை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஊர்கள் ஓடிப்போகும். நடப்பவன்தான் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கிறான், லாரியில் இடம் கேட்கிறான், பக்கத்தில் இருப்பவன் கதையைக் கேட்கிறான்.

ஜூலையில் வெனிசுலாவின் கராகாஸ். ஆல்பர்டோவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. சே, குதிரைகளை ஏற்றிச் சென்ற ஒரு சரக்கு விமானத்தில் மியாமி போனார். ஆக, வட அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்! அங்கே விமான எஞ்சினில் கோளாறு. சில வாரங்கள் மாட்டிக்கொண்டார். நார்ட்டனிலிருந்து விமானம் வரை எஞ்சின்கள் அவரைக் கைவிட்டுக்கொண்டே இருந்தன.

வாக்கும் வாழ்வும்

1952 ஆகஸ்ட் கடைசியில் வீடு திரும்பினார். பத்துக்கும் மேற்பட்ட பாடங்கள் பாக்கி. உட்கார்ந்து படித்து எழுதி 1953-ல் டாக்டர் ஆனார். வாக்கைக் காப்பாற்றிய கையோடு, அந்த ஜூலையிலேயே ரயிலேறி மறுபடி கிளம்பினார். 1954-ல் கவுதமாலாவில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கவிழ்க்கப்பட்டதை நேரில் பார்த்தார். 1955-ல் மெக்சிகோவில் பிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். 1956-ல் 82 பேர் கொண்ட படகில் மருத்துவராகக் கியூபா சென்றார். 1959 ஜனவரியில் புரட்சி வென்றது. அதே ஆண்டு டெல்லிக்கு வந்து நேருவைச் சந்தித்தார். தேசிய வங்கித் தலைவர், தொழில்துறை அமைச்சர் எனப் பதவிகள் வந்தன. அவற்றை விட்டுவிட்டு 1965-ல் காங்கோ, 1966-ல் பொலிவியா போனார். 1967 அக்டோபர் 9 அன்று லா இகேரா கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. எலும்புகள் 1997-ல் கண்டெடுக்கப்பட்டு கியூபாவின் சாண்டா கிளாராவில் அடக்கம் செய்யப்பட்டன.

அவர் துப்பாக்கி ஏந்தியதை ஏற்காதவர்கள் உண்டு. 1959-ல் அவர் பொறுப்பில் இருந்த லா கபானா கோட்டையில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டதும் வரலாறு. ஸ்டிக்கர் ஒட்டுமுன் அதையும் படித்துக்கொள்வது நல்லது.

எனக்கு அவர் சொல்வது வேறு. நாமும் ரூட் போட்டு வைத்திருக்கிறோம். டிப்ளமோ, கேம்பஸ் இன்டர்வியூ, வேலை, தங்கை கல்யாணம். என் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் என் ஃபீஸ் கட்டுகிறார். எதிர்பார்த்த கம்பெனி இந்த வருஷம் நம் பிரிவுக்கு வராமலே போகலாம். கியர் பாக்ஸ் எங்கே உடையும் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் திட்டம் போடாமல் இருந்துவிட முடியாது. எழுத வேண்டிய பரீட்சையை எழுதிவிட்டு, கம்பியும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வண்டி நின்றால் கராஜில் விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டு நடப்போம்.

வாழ்த்துக்களுடன்,
மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்.