சிக்கனத்தைத் தேடிய பொறியாளர் ருடால்ஃப் டீசல்



விடியற்காலையில் நம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் சென்றால் காதில் முதலில் விழுவது அலையோசை அன்று. விசைப்படகுகளின் எஞ்சின் ஓசைதான். கரையில் நிற்போர் பேச்சில் மீனின் விலைக்கு அடுத்தபடியாக அடிபடுவது டீசலின் விலை. எத்தனை லிட்டர் ஊற்றினோம், எத்தனை லிட்டர் எரிந்தது, அன்றைய பாடு அதற்குக் கட்டுப்படியாயிற்றா என்ற கணக்கைக் கேட்டே வளர்ந்தவர்கள் நம்முள் பலர். ஆனால் நாள்தோறும் நம் நாவில் வரும் அந்தச் சொல், எண்ணெயின் பெயராவதற்கு முன் ஒரு மனிதரின் பெயராக இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? குறைந்த எரிபொருளில் நிறைந்த வேலை என்ற ஒரே குறிக்கோளுக்காக உழைத்த ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தோல் பொருள்கள் செய்து விற்கும் சிறு தொழிலாளி. வருவாய் அன்றாடச் செலவுக்கே சரியாக இருந்தது. சிறுவன் ருடால்ஃப் பள்ளி நேரம் போக, தந்தை செய்த பொருள்களை வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். கிடைத்த ஓய்வு நேரத்தில் அவன் விரும்பிச் சென்ற இடம் தொழிற்கலை அருங்காட்சியகம். நீராவியால் ஓடுவதற்கென 18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பழைய வண்டி ஒன்று அங்கே இருந்தது. இன்றைய மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டன் சென்றது. அங்கும் வறுமை விடவில்லை. ஒரு வாயாவது குறையட்டும் என்று, 12 வயதுச் சிறுவனைத் தனியாக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு அனுப்பினர். அங்கே உறவினர் ஒருவர் கணித ஆசிரியராக இருந்தார். பெற்றோரைப் பிரிந்த துயரை அச்சிறுவன் படிப்பிலே மறந்தான். பொறியாளனாவதே தன் வழி என்று 14 வயதிலேயே முடிவு செய்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்த்தனர். அவரோ 1875இல் உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியின் பேராசிரியர் கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் எந்திரத்தால் புகழ் பெற்றவர். மீன் கெடாமல் காக்க நம் ஊரில் பனிக்கட்டி செய்யும் ஆலைகளுக்கும் அவருடைய அம்மோனியா எந்திரமே முன்னோடி. ஒரு நாள் அவர் நீராவி எந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். நிலக்கரியை எரிப்பதால் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே அந்த எந்திரத்தில் வேலையாக மாறுகிறது என்று அவர் விளக்கினார். அதாவது நூறு ரூபாய்க்கு நிலக்கரி வாங்கினால் தொண்ணூறு ரூபாய் வெறும் சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது! வகுப்பில் இருந்த அனைவரும் இதைக் குறித்துக்கொண்டனர். ஆனால் டீசலின் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது. அந்த வீண் செலவைக் குறைப்பதே தம் வாழ்நாள் வேலை என்று அவர் கொண்டார்.

தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. எனினும் 1880இல் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேறினார். பிறகு பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டி எந்திரத் தொழிலில் பணியாற்றினார். 1883இல் மார்த்தா என்னும் பெண்மணியை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலெல்லாம் பிழைப்புக்கான வேலை. மிஞ்சிய நேரமெல்லாம் எஞ்சின் ஆராய்ச்சி. இப்படிப் பல ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 1892இல் தம் புதிய எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அவர் கண்ட வழி என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அழுத்த அழுத்தச் சூடு ஏறும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்ற வைக்கிறது. அக்கலவையை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் உரிய நேரத்துக்கு முன்பே தீப்பிடித்துவிடும். டீசல் செய்தது வேறு. முதலில் காற்றை மட்டும் உருளைக்குள் மிகக் கடுமையாக அழுத்தினார். அது நெருப்புப் போலச் சூடேறியதும் எரிபொருளைத் தூவினார். பொறி இல்லாமலே அது பற்றிக்கொண்டது. அழுத்தம் மிகுந்தால் எரிந்த வாயு விரிவதும் மிகும். எனவே அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். இதுவே டீசல் எஞ்சினின் சிக்கன இரகசியம்.

தாளில் எழுதியதை இரும்பில் செய்வது எளிதாக இல்லை. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையில் 1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றியது, ஆனால் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசல் உயிர் தப்பியதே பெரிது. அவர் மனம் தளரவில்லை. உருளையையும் திறப்பு அடைப்புகளையும் மாற்றி மாற்றிச் செய்தார். 1894 பிப்ரவரி 17இல் எஞ்சின் தானாகவே ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்திற்குப் பின் மேலும் மூன்று ஆண்டு உழைப்பு. 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்துப் பார்த்தார். வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது தெரிந்தது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு அந்த எஞ்சின் குடித்தது சுமார் 240 கிராம் மண்ணெண்ணெய்தான். அவ்வளவு சிக்கனமான எஞ்சினை உலகம் அதுவரை கண்டதில்லை. அந்த எஞ்சின் இன்றும் மியூனிக் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியாமல் தவிக்கும் சிறு கைவினைஞர்களுக்குத் தம் எஞ்சின் துணையாக வேண்டும் என்பது டீசலின் ஆசை. தந்தையின் சிறிய பட்டறையை அவர் மறக்கவில்லை போலும். ஏழைகள் கையருகே கிடைக்கும் எண்ணெயிலும் எஞ்சின் ஓட வேண்டும் என்றும் அவர் எண்ணினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. நம் நாட்டில் வடை சுடும் எண்ணெய் அங்கே எந்திரத்தை ஓட்டியது!

1907இல் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார் நம் துறைமுகத்திற்குக் கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்கள் நிலக்கரியை எரித்து, நீராவியால் ஓடியவை. ஐந்தே ஆண்டுகளில், 1912இல், டென்மார்க்கின் செலாண்டியா என்னும் கப்பல் டீசல் எஞ்சினால் ஐரோப்பாவிலிருந்து பாங்காக் வரை சென்று உலகை வியக்க வைத்தது. நிலக்கரி குவித்து வைக்கும் இடமும், அள்ளிப்போடும் ஆட்களும் அக்கப்பலுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த வெற்றியைக் கண்டு மகிழும் நிலையில் டீசல் இல்லை. எஞ்சினால் பெரும் செல்வம் வந்தது உண்மையே. மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆயினும் காப்புரிமை வழக்குகளும் ஓயாத உழைப்பும் உடலையும் மனத்தையும் வாட்டின. நிலத்திலும் பிற தொழில்களிலும் போட்ட பணம் கரைந்தது. எஞ்சினில் ஒரு கிராம் எண்ணெய் வீணாவதைப் பொறுக்காதவர், தம் சொந்த வரவு செலவில் ஏற்பட்ட ஓட்டையை அடைக்க முடியாமல் போனார். கடன் கழுத்தை நெரித்தது.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு அவர் டிரெஸ்டன் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் பயணமானார். இரவு உணவுக்குப் பின் அறைக்குச் சென்றவரைக் காலையில் காணவில்லை. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மேலங்கியும் மட்டும் இருந்தன. சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்றின் மாலுமிகள் கடலில் ஓர் உடலைக் கண்டனர். சட்டைப் பையில் இருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டனர். அப்பொருள்கள் தந்தையுடையவை என மகன் அடையாளம் காட்டினார். அவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. அப்போது அவருக்கு வயது 55. கடலுக்குப் போனவர் திரும்பாத துயரம் என்னவென்று நம் கடற்கரை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் போனபின் அவருடைய எஞ்சின் வளர்ந்தது. 1927இல் பாஷ் நிறுவனம் எரிபொருளை நுட்பமாக அளந்து செலுத்தும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதனால் கனத்த எஞ்சின் சிறிதாகி வண்டிகளுக்குள் புகுந்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் கார் வெளிவந்தது. அதே அளவு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 13 லிட்டர் குடித்தபோது, இதற்கு 9 முதல் 11 லிட்டரே போதுமானதாக இருந்தது. மைலேஜைக் கணக்குப் பார்க்கும் வாடகைக் கார்க்காரர்கள் அதை விரும்பி வாங்கினர். இன்றைய நல்ல டீசல் கார் எஞ்சின் நூற்றுக்கு 40 பங்கையும், பெரிய கப்பல் எஞ்சின் 50 பங்கையும் எட்டுகின்றன. காற்றை நம்பிப் பாய் விரித்த நம் தோணிகளும் வள்ளங்களும்கூட எஞ்சின் பூட்டிக்கொண்டன. சிறு தொழிலாளிக்குத் துணையாக வேண்டும் என்ற டீசலின் ஆசை நம் கரையிலும் ஓரளவு நிறைவேறியது எனலாம்.

எனினும் டீசல் புகை நெஞ்சுக்குக் கேடு என்பதையும் உலகம் இப்போது அறிந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நம் தூத்துக்குடியிலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. காலம் மாறுகிறது, எஞ்சின் மாறுகிறது. ஆனால் மியூனிக் வகுப்பறையில் அந்த மாணவர் கேட்ட கேள்வி மாறவில்லை. நூற்றில் எத்தனை பங்கு பயனாகிறது? எத்தனை பங்கு வீணாகிறது?

தோழியரே! எல்லோரும் கேட்ட பாடத்தில் ஒருவர் மட்டும் தம் பணியைக் கண்டார். நம் வகுப்பறையிலும் நாளை அப்படி ஒரு பாடம் நடக்கலாம், கவனமாகக் கேட்போம். அத்துடன், அவர் தம் வாழ்வில் தவறவிட்டதையும் மறவாதிருப்போம். எரிபொருளில் மட்டுமன்று, வீட்டுச் செலவிலும், நேரத்திலும், உடல்நலத்திலும் வீணாவதைக் கணக்குப் பார்த்து வாழப் பழகுவோம். இனி டீசல் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், கடலில் மறைந்த அந்த உழைப்பாளியை ஒரு கணம் நன்றியுடன் நினைப்போம்.