அமிலத்தில் பூத்த பூக்கள்!



நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல எல்லா அமிலமும் கண்ணாடி பாட்டில்லதான் இருக்கும். கந்தக அமிலம், நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக்... எது வந்தாலும் கண்ணாடி கவலைப்படாது. ஒரே ஒரு அமிலம் மட்டும் கண்ணாடியில் தங்காது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்! அது கண்ணாடியையே தின்றுவிடும். வைவாவில் கேட்டால் டக்கென்று பதில் சொல்லி மார்க்கை வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆனால் கண்ணாடியைத் தின்னும் அதே அமிலத்தை வைத்துக் கண்ணாடியில் பூ பூக்க வைத்தார் ஒரு மனிதர். பூ மட்டுமா? தும்பி பறந்தது, கடல்பாசி அசைந்தது, ஆர்க்கிட் மலர்ந்தது. உலகமே அவர் செய்த ஜாடிகளை வாங்க வரிசையில் நின்றது. அந்த நேரத்தில், தான் பார்த்தே இராத ஒரு மனிதனுக்காக வாய் திறந்து, தன் வாடிக்கையாளர்களையே இழக்கத் துணிந்தார்.

அவர்தான் பிரான்ஸ் நாட்டின் எமில் கலே.

கடைக்காரர் மகன்

பிரான்சின் கிழக்கு எல்லைப் பக்கம் லொரேன் என்று ஒரு பகுதி. அதில் நான்சி என்பது ஒரு நகரம். அங்கே 1846 மே 4ஆம் தேதி எமில் கலே பிறந்தார். அப்பா சார்ல் கலே, பீங்கான், கண்ணாடிச் சாமான் வியாபாரி. அம்மா வீட்டாரும் அதே வியாபாரம்தான். ஆக, பையன் பிறந்ததிலிருந்தே தட்டும் டம்ளரும் சூழ வளர்ந்தான் என்று சொல்லலாம்.

ஆனால் பையனின் மனசு கடையில் இல்லை, செடிகொடியில் இருந்தது. லொரேன் காட்டுப் பூக்களைத் தேடித் தேடிச் சேகரித்தான். 1860களில் ஜெர்மனியின் வைமார் நகரத்துக்குப் படிக்கப் போனபோதும் ஓவியத்தோடு தாவரவியலையும் விடவில்லை.

படித்து முடித்து வந்த முதலாளி மகன் நேராகக் கல்லாவில் உட்காரவில்லை. மைசன்தால் என்ற ஊரின் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனார். உலைச் சூட்டில் நின்றார். கண்ணாடியை எப்படி உருக்குவது, எப்படி ஊதுவது, எந்த உலோக ஆக்சைடு என்ன நிறம் தரும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். தியரி வேறு, பிராக்டிகல் வேறு என்பது நமக்குத் தெரியாததா? அவருக்கும் தெரிந்திருந்தது!

வீட்டு வாசலில் எல்லைக்கோடு

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. 24 வயது கலே தானாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். பிரான்ஸ் தோற்றது. 1871 உடன்படிக்கையில் அல்சாஸ் பகுதியும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போய்விட்டன. நான்சி மட்டும் பிரான்சிலேயே தங்கியது. அங்கேயும் 1873 வரை ஜெர்மன் படை முகாமிட்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கலே தொழில் கற்ற மைசன்தால் இப்போது ஜெர்மனிக்குள்! ஒரே இரவில் பட்டறை வெளிநாடாகிவிட்டது. இருந்தாலும் அவர் அந்தத் தொழிலாளர்களை விடவில்லை. 1894 வரை அவருடைய கண்ணாடியில் பெரும்பகுதி மைசன்தாலில்தான் உருவானது.

இழந்த மண்ணின் வலி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஒரு பெரிய மர மேசை செய்தார். அதன் மேல் பலகையில் ரைன் நதிக் காட்சியை வெவ்வேறு நிற மரத்துண்டுகளால் இழைத்திருந்தார்கள். பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவருக்கும் அதன் அர்த்தம் புரிந்தது. இப்படி ஊரே மெச்சிய தேசபக்தர் அவர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கண்ணாடி எப்படிப் பூத்தது?

1877இல் அப்பாவிடமிருந்து தொழிலை ஏற்றுக்கொண்டார். அடுத்த வருடமே, 1878 பாரிஸ் கண்காட்சியில், நிலா வெளிச்சம் என்று பெயரிட்ட ஒரு கண்ணாடியைக் கொண்டுபோனார். துளி அளவு கோபால்ட் ஆக்சைடு கலந்த மெல்லிய நீலம். பல நாட்டுப் பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்து நகல் எடுத்தார்கள்!

பிறகு வந்ததுதான் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன அடுக்குக் கண்ணாடி. செய்முறை இதுதான்:

ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி எடுப்பார்கள். அதன் மேல் வேறு நிறக் கண்ணாடியை ஒரு போர்வை மாதிரி ஏற்றுவார்கள். அதற்கு மேல் இன்னொரு நிறம். ஊதி ஜாடியாக்கி, மெதுவாக ஆறவைப்பார்கள். ஆறிய ஜாடியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அமிலம் தொடாத தார் போன்ற பூச்சால் படம் வரைவார்கள். பிறகு ஜாடி அமிலத்தில் இறங்கும். பூச்சு இல்லாத இடமெல்லாம் கரைந்து அடியிலுள்ள நிறம் தெரியும். பூச்சு இருந்த இடம் மட்டும் புடைத்து நிற்கும். மறுபடி பூச்சு, மறுபடி அமிலம். கடைசியில் சுழலும் சின்னச் சின்ன வட்டுகளால் இதழின் நரம்புகளைச் செதுக்குவார்கள்.

அதாவது, கலேயின் பூ ஒட்டவைத்த பூ இல்லை. வேண்டாததை எல்லாம் அமிலம் தின்ற பிறகு மிஞ்சி நின்ற பூ!

1898இல் இன்னும் ஒரு படி மேலே போனார். மரத்தில் இழைக்கிற மாதிரி கண்ணாடியிலேயே இழைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஜாடி சூடாக, இளகலாக இருக்கும்போதே வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அதன் உடம்பில் வைத்து அழுத்த வேண்டும். திரும்ப உலை, திரும்ப அழுத்தம். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறக் கண்ணாடிக்கும் வெப்ப விரிவு வேறு வேறு. ஆறும்போது ஒன்று கொஞ்சம் அதிகம் சுருங்கும், இன்னொன்று கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். இரண்டும் இழுத்துக்கொள்ளும். பத்துப் பேர் பாடுபட்ட ஜாடி பட்டென்று விரிசல் விட்டுவிடும். ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் அனீலிங் என்று நாம் மனப்பாடம் பண்ணுகிறோமே, அந்த ஒரு சொல்லில்தான் அவர் பிழைப்பே இருந்தது.

குறையைக்கூட வீணாக்காதவர் அவர். உலைக்குள் தூசியும் சாம்பலும் படிந்து கண்ணாடி மங்கினால் மற்றவர்கள் அதைக் கழித்துத் தூக்கி எறிவார்கள். கலே அந்த மங்கலை வேண்டுமென்றே வரவழைத்து, பனி மூட்டமாக மாற்றினார். அதற்கும் 1898இல் ஒரு காப்புரிமை!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜாடியில் கலே என்ற ஒரே கையெழுத்துதான் இருக்கும். ஆனால் உருக்கியவர், ஊதியவர், வரைந்தவர், அமிலத்தில் இறக்கியவர், செதுக்கியவர் எல்லாம் தனித்தனித் தொழிலாளர்கள். கலேயின் வேலை யோசிப்பது, வரைந்து காட்டுவது, சரியில்லை என்றால் மறுபடி செய்யச் சொல்வது. தோட்டத்திலிருந்து நிஜச் செடியையே மாதிரிக்குக் கொண்டுவந்து வைப்பாராம். பணக்காரர்களுக்கு ஒற்றைப் படைப்புகள் செய்தார். சாதாரணக் குடும்பமும் வாங்கட்டும் என்று அமிலம் மட்டும் கொண்டு செய்த மலிவான ஜாடிகளும் விற்றார். கலை கண்காட்சி அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது என்பது அவர் கட்சி.

வியாபாரமா? நியாயமா?

1894இல் நான்சியிலேயே கலே சொந்தக் கண்ணாடி உலையைப் பற்ற வைத்தார். அதே வருடம் பாரிசில் வேறொரு நெருப்புப் பற்றியது. ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ கேப்டன் ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாகக் கைது செய்யப்பட்டார். அவர் அல்சாஸில் பிறந்தவர், யூதர். ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்து, தென் அமெரிக்கக் கரையோரம் இருக்கும் டெவில்ஸ் தீவுக்கு அனுப்பியது. உண்மையில் குற்றம் செய்தவர் வேறு ஒரு அதிகாரி. அது தெரிந்த பிறகும் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைத்தார்கள். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் ஜோலா பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியதும் நாடே இரண்டாகப் பிளந்தது.

எல்லை ஊரான நான்சியில் நிலைமை எப்படி இருந்திருக்கும்? ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கும் ஊர். டிரைஃபஸுக்குப் பரிந்து பேசினால் துரோகி என்ற பட்டம் நிச்சயம். கலேக்கு 300 பேர் வரை வேலை செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஜாடி வாங்குபவர்கள் யார்? வசதி படைத்தவர்கள், பெரும்பாலும் எதிர்க்கட்சி! வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் மூடவில்லை. மனித உரிமைக் கழகத்தின் நான்சிக் கிளையில் சேர்ந்து பொருளாளர் ஆனார். பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டார். நண்பர்கள் சிலர் விலகினார்கள். வாடிக்கையாளர்களும் விலகினார்கள். ரைன் மேசையைப் பார்த்துக் கைதட்டிய அதே ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாட்டை நேசிப்பது என்றால் நாடு செய்யும் அநியாயத்தையும் சேர்த்து நேசிப்பது அல்ல என்பதே அவர் தேசபக்தி. ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டபோது குரல் கொடுத்ததும், தொழிலாளர்கள் மாலையில் வந்து படிக்க நான்சியில் மக்கள் பல்கலைக்கழகம் தொடங்க உதவியதும் இதே மனசுதான்.

கண்காட்சியில் உடைந்த ஜாடிகள்

1900 பாரிஸ் உலகக் கண்காட்சி. எல்லாரும் தங்கள் சரக்கிலேயே உயர்ந்ததைப் பளபளவென்று அடுக்கி வைக்கும் இடம். கலே என்ன வைத்தார் தெரியுமா? ஒரு கண்ணாடி உலை. அதைச் சுற்றி உடைந்த ஜாடிகள்! பொய்யும் மோசடியும் செய்யும் மனிதர்களின் சூளை நொறுங்கிப் போகட்டும் என்ற கருத்துள்ள பழைய கிரேக்க வரிகளை அதில் பொறித்திருந்தார். பக்கத்தில் கறுப்பு மனிதர்கள் என்ற பெயரில் ஒரு ஜாடி. அடியிலிருந்து இருண்ட உருவங்கள் ஊர்ந்து மேலே வரும். அதன் படத்தை வரைந்தவர் அவருடைய நண்பரான ஓவியர் விக்டர் புரூவே. மதவெறியும் பொய்ச்சாட்சியும்தான் அந்த உருவங்கள் என்று விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அரசியல் பேசிவிட்டார் என்று பரிசைப் பறித்தார்களா? இல்லை. அந்த வருடமும் பெரும் பரிசு அவருக்கே வந்தது!

அதே வருடம் பாரிசில் கூடிய தாவரவியல் மாநாட்டில் லொரேன் ஆர்க்கிட் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் சமர்ப்பித்தார். 1901இல் தன் ஊர்க் கலைத் தொழிலாளர்களைச் சேர்த்து நான்சிப் பள்ளி என்ற அமைப்பைத் தொடங்கி அதன் தலைவரானார். கண்ணாடித் தொழிலில் அவருக்கு நேர் போட்டியாளர்களான டோம் குடும்பத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள்!

கடைசிக் கை

ரத்தப் புற்றுநோய் அவரைப் பிடித்தது. உடம்பு தளர்ந்தது, வேலை நிற்கவில்லை. 1904இல் கடைசியாக வந்த படைப்புகளில் ஒன்று கண்ணாடியால் ஆன ஒரு மனிதக் கை. கடலுக்கு அடியிலிருந்து எழும்புகிறதா, மூழ்குகிறதா என்று சொல்ல முடியாத கை. அதில் பாசியும் சிப்பிகளும் ஒட்டியிருக்கும். அது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1904 செப்டம்பர் 23ஆம் தேதி நான்சியில் எமில் கலே காலமானார். வயது 58. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1906 ஜூலையில்! கலே அதைக் கேட்கவில்லை. ஜெயிக்கும் என்று தெரிந்து அந்தப் பக்கம் நின்றவர் இல்லை அவர். நியாயம் என்று தெரிந்து நின்றவர்.

அவர் மனைவி ஹென்ரியெட் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்தினார். கணவர் இறந்த பின் சில ஆண்டுகள் செய்த ஜாடிகளில், கலே என்ற கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரத்தைச் சேர்த்தார். 1930களில் தொழிற்சாலை நின்றது.

உலை மட்டும் அணையவில்லை. 1962இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஹார்வி லிட்டில்டன் என்ற கலைஞரும், டொமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில் பொறியாளரும் சேர்ந்து சின்ன உலை ஒன்றைக் கட்டி, தனி மனிதனே தன் பட்டறையில் கண்ணாடி ஊதலாம் என்று காட்டினார்கள். இன்றைய கண்ணாடிக் கலைஞர்களில் பலரும் அந்த வழியில் வந்தவர்கள். கலே தொழில் கற்ற மைசன்தால் தொழிற்சாலை 1969இல் மூடப்பட்டது. ஆனால் 1992இல் அதே இடத்தில் கண்ணாடிக் கலை மையம் ஒன்று உருவாகி, புதிய கலைஞர்கள் அங்குள்ள ஊதுபவர்களோடு சேர்ந்து ஜாடியும் சிற்பமும் செய்கிறார்கள்.

நண்பர்களே! சரியாக ஆறவைக்காத கண்ணாடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே தெரியாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, ஒரு சின்னத் தட்டலில் பொலபொலவென்று உதிரும். மனிதனும் அப்படித்தான். பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு பளபளப்பது ரொம்ப நாள் தாங்காது.

நாளைக்கு நாமும் டிப்ளமோ வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு தொழிற்சாலைக்குள் போகத்தான் போகிறோம். செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். பக்கத்தில் ஒருவனுக்கு அநியாயம் நடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எந்த சிலபஸிலும் இல்லை. அந்தப் பாடத்துக்கு எமில் கலேயிடம்தான் போக வேண்டும்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை