புல்லட் ரயிலுக்கு மேலே ஒரு சமாதி! யார் இந்த ஜான் தியென்யோ?

சீனத் தலைநகர் பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ நகருக்குப் போகும் அதிவேக ரயில், சீனப் பெருஞ்சுவர் நிற்கும் பாதாலிங் மலைக்கு அடியில் 12 கி.மீ. நீள சுரங்கத்தில் பாய்கிறது. 2019 டிசம்பர் 30-ல் திறந்த பாதை இது. அதிகபட்ச வேகம் மணிக்கு 350 கி.மீ. இந்த ரயில் ஓரிடத்தில் பழைய ஸ்டேஷன் ஒன்றுக்குக் கீழே போகிறது. பெயர் சிங்லோங்சியாவ். இதே மலையில் முதன்முதலில் ரயிலை ஏற்றியவரின் சமாதி இருப்பது அங்கேதான்.

ஜான் தியென்யோ 1861-ல் தெற்கு சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்தவர். 1872-ல், 12 வயதுகூட சரியாக ஆகாத நிலையில், அரசு அவரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. பிள்ளைக்கு என்ன ஆனாலும் அரசு பொறுப்பில்லை என்று அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏற்றினார்கள்!

1881-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். அதே வருஷம், மாணவர்கள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுகிறார்கள் என்று பயந்த சீன அரசு எல்லோரையும் திருப்பி அழைத்தது. ரயில்வே படித்து வந்தவரைக் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தண்டவாளம் பக்கம் வரவே 1888 ஆகிவிட்டது.

1905-ல் வந்தது பெரிய வேலை. பெய்ஜிங் - ஜாங்ஜியாகோ பாதையை யார் போடுவது என்று பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போட்டி. யாருக்குக் கொடுத்தாலும் வம்பு. கடைசியில் நாமே போடுவோம் என்று சீனா முடிவெடுத்து, ஜானைத் தலைமைப் பொறியாளர் ஆக்கியது. சீனர்களால் இது முடியாது என்று வெளிநாட்டவர் கேலி செய்த காலம். தோற்றால் கெடப்போவது ஜான் பெயர் மட்டும் இல்லை.

மலையோ செங்குத்து. சுமார் 30 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். நேராகக் குடைந்தால் சுரங்கம் ரொம்ப நீளும். பெரிய இயந்திரங்களும் கையில் இல்லை. அதனால் பாதையையே மடக்கினார். சிங்லோங்சியாவ் வரை ஏறி வரும் ரயில் அங்கே நிற்கும். பிறகு வந்த திசைக்கு எதிராக, வேறொரு தண்டவாளத்தில் மேலே ஏறும். முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். வால் தலையாகும், தலை வாலாகும், அவ்வளவுதான். நம்ம டார்ஜிலிங் மலை ரயிலின் 'இசட்' திருப்பங்களும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இதனால் பாதாலிங் சுரங்கம் சுமார் 1,090 மீட்டரில் முடிந்தது. அதையும் சீக்கிரம் முடிக்க, மலை உச்சியிலிருந்து கிணறு போல ஒரு குழி தோண்டி ஆட்களை இறக்கினார்கள். இரண்டு முனைகளிலும் வெட்டு, நடுவிலிருந்தும் வெட்டு. 6 வருஷத் திட்டம் 4 வருஷத்தில், 1909-லேயே முடிந்தது. செலவும் ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே அடங்கியது.

ரயில் பெட்டிகளை இணைக்கும் தானியங்கி கொக்கியையும் ஜான்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. அது தப்பு. கண்டுபிடித்தவர் அமெரிக்கரான எலை ஜானி. பெயர் ஒரே மாதிரி ஒலித்ததில் வந்த குழப்பம். ஜானுக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை.

1919-ல், 57 வயதில் இறந்தார். பிற்காலத்தில் அவருடைய உடலையும் மனைவியின் உடலையும் சிங்லோங்சியாவ் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. அவர் மடக்கிய தண்டவாளம் இன்னும் அங்கே இருக்கிறது. அதற்குச் சில மீட்டர் கீழே, எங்கும் திரும்பாமல், நேராகப் போகிறது புல்லட் ரயில்.